ஆட்கள் வந்தால் வரும் தலையிடி

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அரிதாக எதுவும் நடந்ததில்லை. ஆகவே, மகனின் முதுகெலும்பில் இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முன், நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியலாம், ஆனால் அது மிக அரிது என்று கொழும்பில் டொக்டர் சொன்னபோது நிம்மதியாகத் தலையாட்டினேன். மதுரங்குளியில் தேங்காய் லொறி கவிழ்ந்து முறிந்த முதுகு அது. முதல் முறை ஆணி பூட்டியும் எலும்புகள் ஒட்டவில்லை. அதுவும் அரிது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து தில்லையடியில் வீட்டுக்குத் திரும்பியதும் நோய் விசாரிக்க ஊர் திரண்டது. மகனைப் படுத்தே கிடக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரியவர்கள் ஸலாம் சொல்லி உள்ளே வரும்போது காலை நீட்டிப் படுத்திருக்கும்படி நான் பிள்ளை வளர்க்கவில்லை. ஒவ்வொரு ஸலாத்துக்கும் எழும்பி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தலை வலியில் பிளந்தது. அவர்கள் போனதும் படுத்தான், வலியும் போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மதினி, என் கணவரின் மூத்த சகோதரி.

"ஆக்கள் வந்தாத் தலையிடி, போனா சொகம். இதுக்கு டொக்டர் என்னத்துக்கு புள்ள? கண்ணூறு."

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மறுக்க முடியாத அளவுக்குச் சான்று சுத்தமாக இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி ஓதிய தண்ணீரை முதுகுக் கட்டைச் சுற்றித் தடவிவிடுவார். மகனின் சேட்டு நனைந்திருந்தால், அது அந்தத் தண்ணீர்.

பிறகு ஒரு நாள் விடாத மழை. வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் வெள்ளம், மதினிகூட வரவில்லை. கஞ்சி குடிக்க எழும்பிய மகன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"உம்மா, இண்டைக்கு ஒருத்தரும் வரல்ல. தண்ணியும் தடவல்ல. சேட்டு ஏன் நனைஞ்சிரிக்கி?"

கட்டு ஊறி, நிறமில்லாத நீர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. அரிதானது எப்போதோ வந்துவிட்டது. நாங்கள்தான் அதை மரியாதையாக உட்கார வைத்திருந்தோம்.

மறுபடியும் கொழும்பு. மூளை வரை கிருமி போகுமுன் உறையைத் தைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் நீர் கசிந்து தலை வலிக்கும், படுக்கச் சொல்லியும் ஏன் எழும்பினாய் என்று டொக்டர் கேட்டார்.

"பெரியாக்கள் வந்தாங்க, டொக்டர்" என்றான் மகன்.

இப்போது அவன் யாருக்கும் எழும்புவதில்லை. இந்த முறையாவது எலும்பு ஒட்டுகிறதா என்று அடுத்த எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். அதுவரை, நடப்பான் என்று யாரும் சொல்லமாட்டார்களாம். வருகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்குகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன கிழமை மதினி வந்தார்.

"பாத்தியா புள்ள, இப்ப தலையிடி இல்ல. தண்ணி வேல செஞ்சிரிக்கி."

ஓம் என்று தலையாட்டினேன். அவர் போனதும் மகனின் முதுகுக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து, மறுபடியும் பார்த்தேன்.