கல்லுக்கு வாங்கின வெத்தலை

எங்க நைனாகிட்ட வாய் குடுத்து யாரும் ஜெயிக்க முடியாது. கல் குவாரிக்காரர் ஆள் மேல ஆள் அனுப்பியும் அவர் அசையல. ஒடுகத்தூர் தாண்டி மலையடியில எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் இருக்குது. வேர்க்கடலை போடுவோம், தண்ணி ஜாஸ்தியா இருந்தா ஒரு போகம் நெல்லு. பக்கத்துல இருக்கிற புறம்போக்குப் பாறையைக் குத்தகைக்கு எடுத்தவர், அதே கல்லு எங்க நிலத்துக்கு அடியிலயும் ஓடுதுன்னு கண்டுபிடிச்சிட்டார். அன்னியிலேர்ந்து பேஜார்தான்.

"மேல இருக்கிற மண்ணு உங்களுது, கீழ இருக்கிற கல்லு கவர்மெண்டுது. நாங்க அவங்ககிட்ட பேசிக்கிறோம்"னு குவாரி மேனேஜர் வந்து சொன்னான்.

"அப்போ என் கிணறு? அதை இன்னா ஆகாசத்துலயா தோண்டினோம்?"னு நைனா கேட்டார். மேனேஜர் பைக்கைக் கிளப்பிட்டான்.

எனக்கும் பயம் கிணத்தைப் பத்திதான். பாறையைக் கொடஞ்சி எடுத்த கிணறு அது. ஊத்து கிழக்குப் பக்கம் இருக்குது. அவங்களுக்கு வேண்டிய கல்லும் அதே பக்கம். வெடி வெச்சா ஊத்து எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. கிணறு போச்சுன்னா நிலமும் போச்சு.

நான் கல்யாணமாகி ஆம்பூர்ல இருக்கேன், ஷூ கம்பெனில லைன் சூப்பர்வைசர். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நைனா தனியாத்தான் அங்க. அதனால அலைச்சல் எல்லாம் என் தலையில. லீவு கேட்டுக் கேட்டு கம்பெனில என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. வேலூர்ல கனிமவள ஆபீஸுக்கு நடையா நடந்தேன். கடைசியா ஒரு அம்மா உக்கார வெச்சிச் சொன்னாங்க. "கல்லு எடுக்க அனுமதி தர்றது அரசாங்கம்தான். ஆனா பட்டா நிலத்துல உங்கப்பா கையெழுத்து இல்லாம அவங்க உள்ள வர முடியாது. அவரைப் போடாம இருக்கச் சொல்லுங்க, போதும்." பஸ்ல ஊருக்கு வர்ற வரைக்கும் எனக்குச் சிரிப்புதான். எங்க நைனாவாவது, கையெழுத்து போடறதாவது.

அந்த ஞாயித்துக்கிழமை குவாரிக்காரரே வீட்டுக்கு வந்தார். கூட ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர். கையில தட்டு. அதுல வெத்தலை பாக்கு, பழம், தேங்காய், நைனாவுக்கு ஒரு வேட்டி. கல்லைப் பத்தி மூச்சு விடல. "பக்கத்து நிலத்துக்காரன் ஐயா. இத்தினி நாளா வந்து மரியாதை செய்யாதது என் தப்புதான்"னு நின்னுகிட்டே நீட்டினார். வாசல்ல தட்டோட நிக்கிற ஆளை எங்க பக்கம் யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நான் வந்து பார்க்கிறப்போ நைனா ரெண்டு கையாலயும் வாங்கிட்டிருந்தார். வாங்கின பிறகுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார். "அப்போ கல்லு விஷயம் முடிஞ்ச மாதிரிதானே? கிணத்தைத் தொடவே மாட்டோம், என் புள்ளைங்க மேல சத்தியம்." பெரியவங்க ரெண்டு பேரும் தலையை ஆட்டினாங்க.

அவங்க போனதும் நான் சண்டைக்கு நின்னேன். "வெத்தலை வாங்கினா இன்னா நைனா? நீ கையெழுத்து போடாத வரைக்கும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

"ஆபீஸ்ல சொல்லுவாங்கம்மா. நான் பெரியவங்க முன்னாடி வாங்கிட்டேனே. உனக்கு நிச்சயம் பண்ணப்போவும் இப்படித்தானே வாங்கினேன்? அப்புறம் இல்லேன்னு சொன்னேனா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"வெத்தலை ஒண்ணுதானே."

கையெழுத்து போடாதேன்னு அந்த வாரம் பூரா கத்தினேன். நேர்ல கத்தினேன், ஆம்பூர் போய் ஃபோன்ல கத்தினேன். தட்டை நானே கொண்டுபோய் அவர் வீட்டு வாசல்ல வெச்சிட்டு வர்றேன்னேன். "என் மானத்தை வாங்காதே"ன்னுட்டார். அவ்ளோ ஆளுங்க வந்தும் அசையாத மனுஷன், ரெண்டு வெத்தலைக்குப் போய்க் கட்டுப்பட்டு நின்னார். ஒரு நாள் காலையில துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு அவரே போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்தார். எவ்ளோ தருவாங்கன்னுகூடக் கேக்கல.

முதல் வெடியே கிழக்குப் பக்கம்தான் வெச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கீழ இறங்கி, கடலை பூ வெக்கிற நேரத்துல மோட்டார் போட்டா காத்துதான் வந்துது. நேரா குவாரிக்குப் போனேன். குவாரிக்காரர் உக்காரச் சொன்னார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒண்ணும் கம்மியில்ல.

"கிணத்தைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே"ன்னேன்.

"வாயால ஆயிரம் பேசுவோம்மா. அக்ரிமெண்ட்ல கிணறுன்னு ஒரு வார்த்தை இருக்குதா, காட்டு பார்ப்போம்."

இல்லை. நானும் படிச்சிட்டுத்தான் போயிருந்தேன். நாங்க மட்டும் வெத்தலைக்குக் கட்டுப்படணும், அவருக்குப் பேப்பர் இருந்தா போதும். டீயைத் தொடாம எழுந்து வந்துட்டேன்.

நைனா கிணத்து மேட்டுல உக்காந்து உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். அடியில சேறு காஞ்சி கிடந்துது. குவாரிக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, நிஜமாவே புரியாத மாதிரி கேட்டார்.

"இவ்ளோ தெரிஞ்சவ, கையெழுத்து போடாதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"