துரையின் நேர் நம்பர்

நான் வேலை பார்த்த அட்டன் தேயிலைக் கம்பெனி ஆபீசில் டெலிபோன் போர்டைப் பார்த்துக்கொண்டவரின் கழுத்தில் எப்போதும் பழுப்பு மப்ளர் இருக்கும். யாருக்கு இணைப்புக் கொடுத்தாலும், மறுமுனையில் குரல் கேட்கும்வரை ரிசீவரை வைக்கமாட்டார்.

மேனேஜரான துரைக்கு நேர் நம்பர் வந்தபின், தோட்டங்கள் போர்டுக்காரரிடம் கேட்காமல் நேராகத் துரையின் மேசைக்கே போன் செய்தன. ஒருநாள் துரை வெளியே போயிருந்தார். பூட்டிய அறைக்குள் மணி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது.

"இங்கேருந்து எடுக்க முடியாதா?" என்றேன்.

"அந்த நம்பரு என் போர்டுக்கு வராதுங்க," என்றவர், ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டார். "இப்ப போன் அடிச்சது நீங்களா?"

டயகம தோட்டத்தில் ஆமென்றார்கள். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வேண்டும். உடனே அனுப்பினோம்.

"என் போனுக்கு நீ ஏன் அலைஞ்ச?" என்று மாலையில் துரை அதட்டினார். போர்டுக்காரர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மணி எனக்குத்தானுங்களே கேட்டுச்சு."