இரண்டு அகலத் தண்டவாளமும் கிளெம் பாஸ்கோவும்

கிளெம் பாஸ்கோ எனக்குப் பன்னிரண்டு பவுண்டு கடன்பட்டிருந்தான். நாற்பத்தொன்பதாம் வருடம், காற்றில் பறந்துபோன தகரக் கூரைக்காக வாங்கியது. ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி ஸ்டேஷனில் அவன் போர்ட்டர். நான் அதே பிளாட்பாரத்தில் டீயும் சாண்ட்விச்சும் விற்றேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்த விங்கோதான் பிற்பாடு ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு மாடி ஓட்டல் கட்டினான். படித்தவன் எவனும் கட்டவில்லை.

கிழக்கிலிருந்து வரும் தண்டவாளம் அகலம். மேற்கே பெர்த்துக்குப் போவது குறுகல். இரண்டு அரசாங்கங்கள் ஆளுக்கொரு அளவு வைத்தன. அதனால் எந்த ரயிலும் எங்கள் ஊரைத் தாண்டாது. கோடீசுவரனும் இங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். அந்த முட்டாள்தனத்தில்தான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு.

தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மந்திரி வந்து, அடுத்த வருடம் ஒரே அகலம் என்று முழங்குவார். முழங்கி முடித்ததும் அவர் பெட்டியை மறு வண்டிக்குத் தூக்குபவன் கிளெம்.

"கடனை எப்பய்யா தருவே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு தண்டவாளமும் ஒரே அகலமாகுற அன்னைக்கு, விங்கோ."

"அப்ப என் பேரனுக்கு உயில்ல எழுதி வைக்கணுமா?"

"உனக்குத்தான் எழுத வராதே."

பிளாட்பாரமே சிரித்தது. நானும் சரி என்றேன்.

பிறகு நிஜமாகவே ஆட்கள் வந்து ஒரே அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். கிளெம் சிரிப்பதை நிறுத்தினான். "எவ்வளவு தூரம் வந்துட்டானுங்க?" என்று டிரைவர்களிடம் தினமும் கேட்பான். ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

அறுபத்தொன்பதில் முதல் நேர்வண்டி வந்தது. பாண்டு வாத்தியம், கொடி, மந்திரி எல்லாம் உண்டு. பயணிகள் யாரும் பெட்டியோடு இறங்கவில்லை. ஜன்னலில் நின்று மந்திரி, "இனி ஒருவரும் பெட்டி சுமக்க வேண்டாம்" என்றார். கூட்டம் கைதட்டியது. சீருடையில் இருந்ததால் கிளெமும் தட்டினான். நாற்பது கோப்பை டீ ஊற்றி வைத்தேன், விற்றது மூன்று. எனக்கு ஓட்டல் இருந்தது. அவனிடம் ஒரு தள்ளுவண்டி, அதுவும் ரயில்வேயுடையது.

வண்டி போனதும் நேரே என்னிடம் வந்தான்.

"விடுய்யா, இன்னைக்கு வேணாம்" என்றேன்.

"வேலைதான் போச்சு. சொன்ன சொல்லும் போகணுமா? கையை நீட்டு."

பவுண்டு ஒழிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலர் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருந்தான். நீட்டிய என் கையில் இரண்டு-டாலர் நோட்டுகளாக ஒவ்வொன்றாக வைத்து, பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணினான்.