பத்து மணி மாத்திரை

யாழ்ப்பாணத்து டாக்டர் சேந்தனுக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. பதினோரு வருடங்களாகத் தெமோதரைத் தோட்டங்களில் ஏறி இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தசோகையை ஆராய்கிறார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஆறு மாதமாகியும் யாருக்கும் இரத்தம் கூடவில்லை. பெண்கள் மாத்திரையை விழுங்குவதில்லை என்று அறிக்கை எழுதினார். ஆனாலும் மனம் கேட்காமல், மாத்திரை விழுங்கும் நேரம் பார்த்துக் கொழுந்து மலைக்கே வந்து நின்றார்.

பத்து மணிக்குக் கூடையை இறக்கிய பெண்கள், ஒருத்தி விடாமல், மாத்திரையைச் சுடச்சுடப் பாலில்லாத பிளேன்டீயோடு விழுங்கினார்கள்.

"ஐயோ, தேத்தண்ணியோட குடிச்சா இரும்பு உடம்பில சேராது! ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

"நீங்கதாங்க ஐயா," என்றாள் அவர்களில் ஒருத்தியான ஜெயலெட்சுமி. "எல்லாரும் ஒண்ணாக் கூடுற நேரம் இதுதான், இப்பவே மாத்திரை குடுங்கன்னு நீங்கதானே கங்காணிகிட்ட எழுதிக் குடுத்தீங்க?"

அறிக்கை முந்தாநாளே கொழும்புக்குப் போய்விட்டது.