வெறும் கடதாசியில் ஒரு கைநாட்டு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எல்லாம் மனப்பிரமை என்று எனக்குப் பாடம் எடுக்க வந்த நாலு பேரை ஏற்கெனவே ஏசி அனுப்பியிருக்கிறேன். இது எனக்கே நடந்தது. 1961, ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

அப்போது நான் வவுனியாவில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கர். பூவரசங்குளத்து ஏரம்பு எங்கள் கட்சிக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்தவர். நெளுக்குளத்தடியில் ஒரு மரலொறி அவரைச் சைக்கிளோடு அடித்தது. வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். லொறி முதலாளிமேல் போட்ட நட்டஈட்டு வழக்கு வென்றால்தான் மனைவி இராசேஸ்வரிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு.

அந்த முதலாளி என்னை இரகசியமாகப் பிடித்தான்.

"வெறும் கடதாசியிலை ஏரம்பன்ரை கைநாட்டை எடுத்துத் தாரும். உம்மடை மச்சானுக்கு என்ரை லொறியிலை வேலை."

எழுத்து வாசனை இல்லாதவரிடம் முதலில் கைநாட்டை வாங்கிவிட்டு, விஷயத்தைப் பிறகு நிரப்புவது அந்த நாளில் கிளாக்கர்மாரின் வழக்கம்தான். ஏரம்பு குடித்துவிட்டு லொறிக்குக் குறுக்கே வந்தார் என்று நான் நிரப்பவேண்டும். அவ்வளவுதான். ஓம் என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

அந்த வியாழன் பிற்பகல் 3.10. சைக்கிளை ஏரம்பு வீட்டு வேலியில் சாத்திவிட்டுப் படலையைத் திறந்தேன். நாய் குரைக்கவில்லை. குசினியில் புகை இல்லை. பிள்ளைகளின் சத்தமும் இல்லை... உள்ளே பாயில், சுவரோடு சாய்ந்தபடி ஏரம்பு இருந்தார். இடுப்புக்குக் கீழே வெள்ளைச் சீலை போர்த்தியிருந்தது.

"வாங்கோ கிளாக்கர். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"வழக்குக் கடதாசி அண்ணை. கைநாட்டு ஒண்டு வேணும்."

இடது கையை நீட்டினார். பெருவிரலைப் பிடித்து மை தடவினேன். ஐயோ, அந்தக் குளிர்! ஆவணி வெயிலில் அப்படியொரு குளிர். விரலைக் கடதாசியில் அழுத்தினேன்.

கையை எடுக்க முடியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வாசியுங்கோ."

"என்னத்தை அண்ணை..."

"வாசியடா!"

வெளியே ஒரு லொறி உறுமியது. ர்ர்ர்... ர்ர்ர்... படலையடியில் வந்து நின்றது. யன்னலால் பார்த்தேன். ஒழுங்கையில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் சீலையைக் கவனித்தேன்.

கீழே பாதங்கள்...

இரண்டு.

அவர் எழுந்து நின்றார்.

எப்படி உதறினேனோ தெரியாது. கடதாசி கையோடு வந்தது. சைக்கிளை மிதித்தேன். நெளுக்குளம் வரைக்கும் அந்த உறுமல் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் தெரு.

4.25க்கு வவுனியாவில் எங்கள் கந்தோருக்குள் விழுந்தடித்து ஓடினேன். பிரக்கிராசியார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சின்னராசா, பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிறீர்? ஏரம்பன்ரை விஷயம் தெரியுமோ? காய்ச்சல் கூடி விடியவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தவையாம். ரெண்டே முக்காலுக்கு முடிஞ்சுது. மனுசியும் பிள்ளையளும் இன்னும் அங்கைதான் நிக்கினம்... அதென்ன கையிலை?"

பறித்து வாசித்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

வெறும் கடதாசி நிரம்பியிருந்தது. என் கையெழுத்து. முதலாளி கேட்டது, மச்சானின் வேலை, நான் எழுதவிருந்த பொய், எல்லாம் வரிக்கு வரி. கீழே கைநாட்டு. அன்றைக்கே என் வேலை போனது.

இராசேஸ்வரி வழக்கைத் தொடர்ந்தார். கோட்டில், நீதிபதி முன் அந்தக் கடதாசி வந்ததும் முதலாளி, "செத்தவன்ரை கைநாட்டு! கள்ளக் கடதாசி!" என்று கத்தினான். அதைக் கொழும்புக்கு, கைரேகை பார்ப்பவர்களுக்கு அனுப்பினார்கள். என் ரேகையையும் எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இராசேஸ்வரி வென்றார்.

அது ஏரம்புவின் கைநாட்டு இல்லையாம். என்னுடையதாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று என் விரலில் ஒரு பொட்டு மைகூடப் படவில்லை.