வாசலில் கிடந்த செருப்பு

கோவையில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எந்த ஊருக்கு எத்தனை பெட்டி போகிறது என்று எழுதி வைத்து லாரியில் ஏற்றிவிட வேண்டும். பாட்டு எழுதுவது மற்ற நேரத்தில். கணபதி ஏரியாவில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்த இசையமைப்பாளர் எனக்கு மெட்டு அனுப்புவார். 'தானனா தானனா' என்று அவரே பாடிய குரல் போனில் வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அதற்கு வார்த்தை தேடுவேன்.

மூன்று வருஷம் எழுதியும் ஒன்றும் தேறவில்லை. "படிக்க நல்லாத்தானுங்க இருக்குது. பாடத்தான் வரமாட்டேங்குது" என்பார். இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற சொல்லாகப் பார்த்து வைத்திருப்பேன். பாடுகிறவர் எங்கே மூச்சு விடுவார் என்று யோசித்ததே இல்லை. எழுதியதை நானே வாய்விட்டுப் பாடிப் பார்த்து, நெடிலில் முடிக்கப் பழகி, ஒருவழியாகச் சந்தம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய குறையைச் சொன்னார்.

"நிலா இருக்குது, மழை இருக்குது. ஆளைத்தான் காணமுங்க."

அது உண்மை. என் பாட்டுகளில் மனிதர் யாரும் இல்லை.

எங்கள் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துபோய் வெகுகாலம். ஒரே மகள். அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் தினமும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாகவே சொன்னார்.

"எம்பொண்ணு வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கறான்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டிருக்கறனே, அது பொய்யி கண்ணு. யாரையோ கட்டிட்டு சத்தியமங்கலம் பக்கம் போயிட்டா. ஆறு மாசமாச்சு. போன் போட்டா எடுக்கறதில்லை."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ பழைய செருப்பு வாசல்லயே கெடக்குது. எடுத்து உள்ள வெக்க மனசு வரலை. எடுத்து வெச்சுட்டா, இனி வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமில்ல."

பஸ் வந்தது. ஏறினோம். அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் முதுகுக்குப் பின்னாலேயே போனை எடுத்து அந்த வார்த்தைகளைத் தட்டிக்கொண்டேன். இறங்குவதற்குள் அது அந்த வாரத்து மெட்டில் உட்கார்ந்துவிட்டது.

வாசலில் உன் செருப்பு
எடுத்து வைக்க மனமில்லையே
எடுத்து வைத்தால் இனி நீ
வரமாட்டாய் என்றாகுமே

அம்மாவும் மகளும் இருந்த இடத்தில் காதலனையும் காதலியையும் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். இசையமைப்பாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "இப்பத்தானுங்க ஆள் வந்திருக்குது" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

பாட்டு வெளியாகி ஒரு மாதத்தில் பஸ்ஸிலும் பேக்கரியிலும் கேட்க ஆரம்பித்தது. ஒரு யூடியூப் சேனலில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டார்கள். உக்கடம் குளக்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பதில்.

அந்த வாரமே கேன்டீனில் பெண்கள் சேர்ந்து போனில் பாட்டைப் போட்டார்கள். அக்காவும் அங்கே இருந்தார். அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்த பெண் ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டு வாசல்லயும் பாப்பா செருப்பு அப்படியே கெடக்குமில்லீங்க? பாப்பா ஊருக்கே வர்றதில்லீங்களா?"

அக்கா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். போகும்போது என் பக்கம் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. மாலைக்குள் மகள் போய்விட்ட விஷயம் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் பஸ்ஸை மாற்றி ஏறினேன். பிறகு அப்படித் தப்பித்துப் போக முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. நான் உட்காராமலே சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டனுங்க்கா. உங்களக் கேக்காம எழுதிப்போட்டனுங்க."

"பேட்டி பாத்தனுங்க. கொளத்தோரமா நடக்கறப்ப வந்துச்சுன்னு சொன்னீங்க."

கதவைப் பிடித்தபடியே அவர் மேலே பேசினார்.

"அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னது மனசு தாங்காமத்தானுங்க. வேற ஆரு இருக்கறாங்க எனக்கு."

பாட்டில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"அய்யோ, வேண்டாமுங்க. பேரப் போட்டீங்கன்னா மிச்சமிருக்கறவங்களுக்கும் தெரிஞ்சு போயிருமுங்க."

வாசலில் செருப்பு இல்லை. நான் அந்தப் பக்கம் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். "போறவங்க வர்றவங்க எல்லாம் வாசலையே பாத்தாங்க. அதான் எடுத்து வெச்சுட்டனுங்க" என்றார். பிறகு காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அதைக் குடிக்காமல் எழுந்து வரக்கூட எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவர் வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். மகள் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை. எனக்கோ அந்தப் பாட்டால்தான் அடுத்தடுத்து வாய்ப்பு வந்தது. ஒன்றைக்கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "அந்தச் செருப்பு வரி மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். இன்றைக்கு மெட்டைக் கேட்ட கால் மணி நேரத்தில் பல்லவி எழுதிவிடுவேன். யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால், நான் பாட்டு எழுதுகிறவன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு கல்லூரியில் பாட்டெழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வரி எப்படி வந்தது என்று ஒரு மாணவி அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். யார், எந்த இடம் என்பதை மட்டும் விட்டுவிட்டு. அது எனக்குத் தோன்றிய வரி இல்லை, நம்பிச் சொன்ன ஒருவரிடமிருந்து கேட்காமல் எடுத்தது என்றேன். பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.