முதல் ஊசி யாருக்கு?

வீட்டுக்காரர்கள் வெறுக்கும் உத்தியோகங்களில் முதலிடம் பிளேக் இலாகாவுக்குத்தான். காலையில் எலிப்பொறியோடு போவோம், மத்தியானம் ஊசியோடு போவோம். முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்ட அனுபவம் உள்ள வாசகர்கள் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் கெடுத்த பொறி

மைசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓர் அரிசி மண்டியில் பொறி வைத்தேன். உள்ளே சுட்ட தேங்காய்ச் சில்லு. அன்றே ஓர் எலி விழுந்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு வால்கூடத் தட்டுப்படவில்லை.

எங்கள் பொறிக்காரர் சித்தையா கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவர் வந்து பொறிக் கதவு விழாதபடி கட்டிவைத்து, நாலு நாள் சும்மா தின்னவிட்டார். புதுப் பண்டத்தை எலிக் கூட்டம் உடனே தொடாதாம். ஒன்றே ஒன்று முன்னால் வந்து கொறிக்குமாம்; அது பிழைத்தால்தான் மற்றவை வருமாம். மூட்டை இடுக்கில் நின்று அதை நானே பார்த்தேன். மீசை நடுங்க, ஓர் அடி முன்னால், அரை அடி பின்னால். கொல்ல வந்தவன்தான் நான். இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அத்தனை சின்ன உடம்பில் அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. சித்தையா என் காதருகே சொன்னார்: "ஸ்வல்ப பொறுங்க சாமி. தைரியமா முன்னால வர்றதையே பிடிச்சுட்டீங்கன்னா, மிச்சமெல்லாம் பயந்து உள்ளேயே இருந்துடும்."

பதில் இல்லாத கேள்வி

தேவராஜ மொஹல்லாவில் ஒரு சந்தில் எலி செத்து விழுந்தது. அடுத்த வாரம் அங்கே ஒரு மனுஷனும் பிளேக்கில் செத்துப்போனார். பக்கத்துச் சந்துக்காரர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் இலாகா டாக்டர் என்னை அனுப்பினார். நாற்பது வீடு ஏறி இறங்கினேன். ஊசி போட்டால் கை அழுகும், பிள்ளை பிறக்காது, மதம் மாற்றுவார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

சாத்தாதவள் பொன்னம்மா ஒருத்திதான். மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்திலிருந்து வந்து மார்க்கெட்டில் பூ விற்கிறவள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. பயம். ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலை என்னைவிட அதிகம் பார்த்தவர் யார்? நாளைக்கு டாக்டரே மார்க்கெட்டுக்கு வருவார் என்று பேச்சை மாற்றினேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரிங்க, போயிட்டு வாங்க. நான் யோசிச்சுச் சொல்றேனுங்க."

வலது கை வேண்டாம்

மறுநாள் மார்க்கெட் முனையில் டாக்டர் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஈ, காக்கைகூட வரவில்லை. பத்து மணிக்குப் பொன்னம்மா நேரே வந்து கையை நீட்டினாள். அவ்வளவுதான், கடைக்காரர்கள் எல்லாரும் ஓடிவந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

விஷயம் இதுதான். பொன்னம்மா கையால் போணி ஆனால் அன்றைக்கு வியாபாரம் கொழிக்கும் என்று அங்கே நம்பிக்கை. அவள் வந்து ஒரு பழமாவது வாங்கும்வரை வாழைப்பழக்காரர் வேறு யாருக்கும் விற்கமாட்டார். அவர்தான் டாக்டரைக் கும்பிட்டு, ராசியான வலது கையில் மட்டும் குத்தவேண்டாம் என்று கெஞ்சினார். டாக்டர் ஒன்றும் விளங்காமல் இடது கையில் போட்டார்.

ஏனம்மா முன்வந்தாய் என்று கேட்டேன். சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "என்ற புள்ளைக்கு நாலு வயசுங்க. அவளுக்குப் போடலாமா வேண்டாமான்னு தெரியோணும். அதுக்கு மொதல்ல நான் போட்டுப் பாக்கோணுமுங்க."

மூன்றாம் நாள்

இரண்டு நாள் அவள் இடம் காலியாகக் கிடந்தது. காய்ச்சல் என்று சேதி வந்தது. மார்க்கெட் முழுக்க என்னை ஒரு பார்வை பார்த்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சந்தில் இனி ஒருத்தரும் கை நீட்டமாட்டார்கள்; அந்த நாலு வயசுக் குழந்தைக்கோ அம்மா இல்லாமல் போவாள். இவ்வளவையும் தெரிந்துதானே அவள் வந்தாள் என்று நினைக்க நினைக்க, எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாம் நாள் காலை வந்தாள். இடது கை வீங்கியிருந்தது, முகம் வாடியிருந்தது. வலது கையில் மகளைப் பிடித்திருந்தாள். முதலில் வாழைப்பழக்காரரிடம் ஒரு பழம் வாங்கினாள். அவர் பழத்தைக் கொடுத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே மேஜைக்கு வந்தார். அவர் பின்னால் வரிசை வளர்ந்தது. பொன்னம்மா வரிசையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மொதல்ல நீட்டுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன், பயப்படாதீங்க."

சந்து முழுவதையும் ஊசிக்கு இணங்க வைத்த என் துணிச்சலைப் பாராட்டி மேலிடத்திலிருந்து மறுநாளே கடிதம் வந்தபோது, அதைப் பிடித்துப் படிக்க ஊசி போட்ட இடது கையைத் தூக்க முடியாமல் நான் முனகிக்கொண்டிருந்தேன்.